நீலத்துக்கு அடியில் சிவப்பு

"மெடிக்...! மெடிக்...!"

மைதானத்தையே கிழித்தது அந்த அலறல்.

அலறியவர் பீரங்கி. தொழில், பல் டாக்டர். வார நாட்களில் கடைவாய்ப் பல் பிடுங்குவார். சனி, ஞாயிறு வந்தால் மஞ்சள் படையின் சிப்பாய். உடம்பைப் பார்த்து வைத்த பட்டப்பெயர்!

அடுக்கி வைத்த பழைய டயர்களுக்குப் பின்னால் மஞ்சள் படையின் ஜெனரல் சாய்ந்து கிடந்தார்.

நெஞ்சு முழுக்க நீலப் பெயின்ட்.

பீரங்கிக்கு அதில் பெரிய கவலை இல்லை. பெயின்ட் குண்டுகளால் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் போரில் செத்தவன் சாவதில்லை. குண்டு பட்டவன் அப்படியே படுத்துக் கிடக்க வேண்டும். படையின் வைத்தியரான மெடிக் வந்து கையில் வெள்ளைத் துணி கட்டினால் உயிர் வந்துவிடும். எழுந்து மறுபடி சுடலாம்.

மெடிக் வந்தாள்.

ஜெனரலின் சொந்தத் தங்கை.

"சீக்கிரம் கட்டுங்க சிஸ்டர்! நீலப் பசங்க வந்துட்டே இருக்கானுங்க!"

அவள் மண்டியிட்டாள். அண்ணனின் கையைத் தூக்கினாள். துணியைச் சுற்றினாள்.

முடிச்சு விழவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றினாள்.

"போதும் விடுங்க. சார், உயிர் வந்தாச்சு! எழுந்திரிங்க!"

ஜெனரல் எழவில்லை.

"சார்... நடிச்சது போதும் சார்..."

பீரங்கி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஜெனரல் பக்கவாட்டில் சரிந்தார். உடுப்பின் ஓரத்தில், நீலத்துக்கு அடியிலிருந்து மெல்லக் கசிந்தது...

சிவப்பு!

எந்தப் படைக்கும் சிவப்புக் குண்டு கொடுக்கவில்லையே!

ஜெனரலின் பிணத்தைச் சாப்பாட்டுக் கூடாரத்தின் ஓரத்தில் கிடத்திவிட்டு, இன்ஸ்பெக்டர் இரண்டு படைகளையும் அங்கேயே நிற்க வைத்தார். காலையிலிருந்து மாஸ்க்குக்குள் வெந்த முகங்கள். கண்ணைச் சுற்றி ரப்பர் அழுத்திய தடம்.

"நேரா கேக்கறேன். உங்கள்ல ஜெனரலைக் கொல்லணும்னு திரிஞ்சது யாரு?"

நீலப் படையின் அத்தனை கைகளும் உயர்ந்தன!

இன்ஸ்பெக்டர் திகைத்தார்.

"என்னய்யா இது? நாப்பது பேருமா?"

"விளையாட்டே அதான் சார்..." கையைப் பிசைந்தார், ஆட்டத்தை நடத்தும் அமைப்பாளர். "எதிரி ஜெனரலைச் சுட்டா நூறு பாயின்ட்."

"அப்ப மஞ்சள் படை என்ன பண்ணுச்சு?"

"நாங்க அவரைக் காப்பாத்தினோம் சார்," என்றார் பீரங்கி.

"லட்சணமா காப்பாத்தினீங்க! கையை இறக்குங்கய்யா எல்லாரும்."

இறக்கினார்கள்.

ஒரு கை மட்டும் இறங்கவில்லை.

"நான்தான் சார் கொன்னேன்."

ஒல்லியான மனிதன். நகக்கண்களில் எந்தச் சோப்புக்கும் போகாத வெள்ளை.

"நீங்க யாரு?"

"பெயின்டர் சார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். செத்துப் போனவரோட தங்கச்சி புருஷன்."

"ஓ... மாப்பிள்ளையா? எதுல கொன்னீங்க?"

"முதல்ல சுட்டேன். அப்புறம் கத்தியால குத்தினேன்."

"கத்தி எங்க?"

"டயருக்குள்ள போட்டேன்."

கத்தி டயருக்குள்தான் கிடைத்திருந்தது.

"இல்ல...!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள் தங்கை.

நான்கு வருடங்களுக்கு முன் அவர்கள் வீட்டு ஹாலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன் அவன். நாலு நாள் வேலையை மூன்று வாரம் இழுத்தான். ஒரே சுவருக்கு மூன்று தடவை அடித்தான். அவள் காபி டம்ளரைக் கொண்டு வந்து வைக்கும் சுவர் அது.

கல்யாணம் முடிந்தது. அண்ணனுடன் பேச்சும் முடிந்தது.

"சுவத்துல ஏணி வைக்க வந்த பய, என் வீட்டு மேலயே ஏறிட்டான்!" அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்படிப்பட்டவர் போன வாரம் போன் செய்தார். "ரெண்டு பேரும் விளையாட வாங்கம்மா. பழசை மறந்துடலாம்." அன்று முழுக்க அவள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாது. குத்தத்தை ஒத்துக்கிட்டாச்சு," என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டியில ஏறுங்க."

"சார், ஒரு நிமிஷம்! அண்ணனோட உடுப்பைப் பாருங்க!"

"என்னம்மா பாக்கணும்?"

"முதல்ல சுட்டு அப்புறம் குத்தியிருந்தா, கத்தி பெயின்ட்டைக் கிழிச்சிருக்கும். ஆனா கிழிசலுக்குள்ள நீலம் இறங்கியிருக்கு. விரிசல் விட்ட சுவத்துக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி! அடியில ரத்தம் உறைஞ்சிருக்கு. மேலதான் நீலம். இவர் வந்து சுடறதுக்கு ரொம்ப முன்னாடியே என் அண்ணன் செத்துட்டாரு சார்! பெயின்டரோட குடும்பம் நடத்தறவ நான். எது முதல் கோட், எது ரெண்டாவது கோட்னு எனக்குத் தெரியும்!"

இன்ஸ்பெக்டர் உடுப்பைக் குனிந்து பார்த்தார்.

உண்மை!

"வாயை மூடுடி!" பெயின்டர் கத்தினான். "அவ உளர்றா சார்! நான்தான் கொன்னேன்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"அட... விடுதலை வாங்கித் தர்ற பொண்டாட்டியை எவனாவது திட்டுவானா?"

பிறகு பீரங்கி பக்கம் நகர்ந்தார்.

"டாக்டர், மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி டயர் பக்கம் யார் யார் போனாங்க?"

"ஒரு ஈ காக்காயை விடல சார் நாங்க!" பீரங்கி மார்தட்டினார். "ஜெனரலுக்கு ஒரு தடவை தோள்ல குண்டு பட்டுச்சு. அப்ப துணி கட்ட மட்டும் மெடிக்..."

வாய் திறந்தபடியே நின்றது.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"ஆமா சார்," என்றாள் அவள். "நான்தான்."

"ஐயோ..." என்று தரையில் உட்கார்ந்துவிட்டான் பெயின்டர்.

"துணி கட்டறப்ப அவர் உடுப்புக்குள்ள கத்தி தட்டுப்பட்டுச்சு. உருவிப் பார்த்தேன். நிஜக் கத்தி. என்னண்ணா இதுன்னு கேட்டேன். சிரிச்சாரு சார். 'உன் புருஷன் இப்ப தனியா வருவான். இத்தனை மாஸ்க்ல எவன் குத்தினான்னு யாரு கண்டுபிடிக்கப் போறா? அழுது முடிச்சிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு'ன்னாரு..."

அமைப்பாளர் முகம் வெளுத்தது.

"சார்... ஜெனரலைச் சுடற ரகசிய வேலையை மாப்பிள்ளைக்கே குடுக்கச் சொன்னது அவர்தான். 'அவனைத் தனியா அனுப்புங்க, ஜாலியா இருக்கும்'னாரு. குடும்ப விளையாட்டுன்னு நினைச்சேன்..."

"கத்தி என் கையில இருந்துச்சு," என்றாள் அவள். "அதைத் திருப்பிக் குடுன்னு கையை நீட்டினாரு. குடுத்திருந்தா இவர் இருந்திருக்க மாட்டாரு சார்."

இன்ஸ்பெக்டர் பெயின்டரைப் பார்த்தார்.

"நீங்க எல்லாத்தையும் பார்த்தீங்க. அதான் கத்தி இருந்த இடம் தெரிஞ்சிருக்கு."

"புதர்ல படுத்திருந்தேன் சார்... அவ போனப்புறம் ரொம்ப நேரம் எழவே முடியல. கிட்டப் போனா நெஞ்சுல கறை. அது மேலேயே சுட்டேன். குண்டு தீர்ற வரைக்கும் சுட்டேன். 'ஜெனரல் காலி'ன்னு கத்தினேன். கொன்னது நான்தான்னு ஆயிடும்னு..."

"பெயின்டர் புத்தி! கறை தெரிஞ்சா மேல ஒரு கோட்!"

அவள் கணவனையே பார்த்தாள். இது அவளுக்கு இந்த நிமிடம்தான் தெரியும்.

"எனக்காகவா சுட்டீங்க?"

"பின்ன யாருக்காக? ஏன்டி சொன்ன? பேசாம இருந்திருக்கலாம்ல?"

"உங்களைக் கூட்டிட்டுப் போறாங்களேன்னுதான்..."

இருவரும் கைகளைப் பற்றிக்கொண்டார்கள். பெண் கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கி அந்தக் கைகளைப் பிரித்தாள்.

"சார்... ஒரே வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா?" என்றாள் அவள்.

"முடியாதும்மா. நீ கொலைக் கேஸ். அவர் தடயத்தை மறைச்ச கேஸ். வேற வேற வண்டி... வேற வேற ஜெயில்."

ஜீப்புகள் கிளம்பின. முதல் வண்டி கிளப்பிய புழுதியில் இரண்டாவது வண்டியே தெரியவில்லை. கம்பி வலைக்குள்ளிருந்து அவன் கையாட்டியதும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அமைப்பாளர் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"சார்... தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க வெளியில நச்சரிக்கிறாங்க. எப்படியோ ஜெனரல் காலி. அந்த நூறு பாயின்ட்டை நீலப் படைக்குப் போட்டுடவா?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"அதெப்படிப் போடுவ? கொன்னது மஞ்சள் படையோட சொந்த மெடிக்... இது சேம் சைடு கோல்யா!"