பாதிச் சிங்கம்

வெட்டிய ஓரம் ஈரமாக இருந்தது. ஃபிரூசாபாத்தின் கோடைப் பிற்பகலில், முற்றத்து மண்ணே வெடித்துக் கிடக்கையில், சுவரில் தொங்கிய கம்பளத்தின் அந்த ஒரு விளிம்பு மட்டும் ஏன் நனைந்திருக்கிறதென்று குர்கீனுக்கு விளங்கவில்லை.

காலையில்தான் அதை வெட்டினான். அம்மாவின் நாற்பதாம் நாள். மலை மேய்ச்சல் நிலத்தில் அவள் சாகக் கிடந்தபோது அண்ணன் அமானுல்லா ஆள் அனுப்பவில்லை. இவன் போய்ச் சேர்வதற்குள் குழியை மூடிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில், ஆட்டு மயிர் கத்தரிக்கும் கத்தரியை எடுத்து, அவள் நெய்த சிங்கத்தை நடுவே பிளந்தான். கூடார வாசலில் காவலுக்குத் தொங்கிய சிங்கம் அது. அதன் வயிற்றுக்குக் கீழே நீலச் சட்டையில் கைகோத்து நின்ற இரண்டு சிறு உருவங்களும் அண்ணனும் அவனும்தாம். அந்தக் கைகள் கோத்திருக்கும்வரை சிங்கம் அவர்களைத் தன் குட்டிகளென்று நினைத்துக்கொள்ளும் என்று அம்மா சொல்வதுண்டு. கத்தரி அந்தக் கைகளுக்கு நடுவே போயிற்று.

அமானுல்லா தடுக்கவில்லை. வால் பாதியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "தின்கிற வாய நீயே வெச்சுக்கடா, தம்பி" என்று மட்டும் சொன்னான்.

இப்போது அறையில் மாதுளைத் தோல் சாயத்தின் துவர்ப்பு வாடையோடு, மழையில் நனைந்த மிருகத்தின் வாடையும் கலந்து வந்தது. ஆட்டு மயிர்க் கூடாரத்தைக் காற்று உள்ளிழுத்து வெளித்தள்ளுவதுபோல ஒரு மெல்லிய ஓசை, இந்தச் செங்கல் சுவருக்குள், விட்டுவிட்டுக் கேட்டது.

தொலைபேசி அடித்தது. அமானுல்லா.

"குர்கீன், என் பாதியில அந்தப் பொம்மை கைய நீட்டிக்கிட்டே இருக்குடா. எனக்குப் பயமா இருக்கு. உன் பாதிய எடுத்துக்கிட்டு இப்பவே வா, தெச்சிடலாம்."

அந்தக் குரலின் நடுக்கம் இவனையும் தொட்டது. வருகிறேன் என்ற சொல் நாக்குவரை வந்தது. கூடவே மூடிய குழியும் நினைவில் வந்தது.

"அம்மா போனப்ப என்னக் கூப்பிடத் தெரியல. இப்ப மட்டும் தெரியுதா? வாலக் கட்டிக்கிட்டு அழுண்ணே."

துண்டித்தான்.

ஓசை நின்றிருந்தது.

கம்பளத்தைப் பார்த்தான். சிவப்புத் தரை. வெறும் சிவப்பு. அவன் உருவம் நின்ற இடத்தில் எதுவும் இல்லை.

மெல்ல நிமிர்ந்தான்.

அம்மா மூடி நெய்த வாய் திறந்திருந்தது. பற்களுக்கு நடுவே, நீலச் சட்டைக் கை ஒன்று. ஐந்து முடிச்சு விரல்கள்.

அவனுடைய வலது சட்டைக்கை நனைந்து கனத்தது.