ஆளில்லாத சமாதி

கோர்ட் அனுப்பிய கமிஷனர் நிலத்தைப் பார்க்க வரும் நாளன்று, என் நாத்தனார் சிந்தாமணி காலை பஸ்ஸிலேயே விக்கிரமங்கலத்தில் வந்து இறங்கிவிட்டாள். அப்பன் சொத்தில் பாதி வேண்டுமாம். அதுவும் போர்வெல் இருக்கிற பாதி. கட்டிக்கொடுத்து அனுப்பியவளுக்கு வந்த ஆசையைப் பாருங்கள்!

நாங்கள் மட்டும் சும்மா இருப்போமா? எங்களில் செத்தவர்களைச் சொந்தக் கொல்லையிலேயே புதைப்பது உண்டு. சமாதி உள்ள மண்ணைப் பிரித்து அடுத்தவருக்குக் கொடுக்க யாருமே தயங்குவார்கள். அதனால் என் வீட்டுக்காரர் அண்ணாதுரை, போர்வெல் பக்கத்தில் ஆள் நீளத்துக்கு மண்ணைக் குவித்து மேடு கட்டினார். குழிகூடத் தோண்டவில்லை. எனக்குப் பிறவியிலேயே இடது கால் குட்டை, மண் சுமக்க முடியாது. தலைமாட்டில் விளக்கை மட்டும் நான் வைத்தேன். ஆயிற்று, மாமனாருக்குச் சமாதி!

உண்மையில் அவரைக் கொள்ளிடக் கரையில் எரித்துவிட்டோம்.

மேட்டைப் பார்த்ததும் சிந்தாமணிக்கு முகம் செத்துப்போனது.

"அப்பா சாம்பல ஆத்துல கரைச்சப்ப நானும்தானேண்ணே நின்னேன்? இதுல யாரப் படுக்க வெச்சிருக்க?"

"அப்பாதான் படுத்திருக்காரு. சந்தேகம்னா கூப்புட்டுப் பாரேன்" என்று சிரித்தார் இவர்.

அவள் மண்டியிட்டு, மண்ணில் வாயை வைத்துக் கூப்பிட்டாள்.

"அப்பா... யப்பா..."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கமிஷனர் கண்ணில் பட்டதை மட்டும் வைத்து, சமாதி இருப்பதாக எழுதிக்கொண்டு போனார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஒரு பிடி சாம்பலை இங்கேயும் புதைத்ததாக ஊர் நம்ப வேண்டுமே என்று அமாவாசைதோறும் பால் ஊற்றினோம். இரண்டாவது அமாவாசைக்கு மேடு நடுவில் அமுங்கியிருந்தது. உள்ளே உடம்பு மக்கினால்தான் சமாதி அப்படி அமுங்கும். எங்கள் மேட்டில் மக்குவதற்கு என்ன இருக்கிறது?

பாலை ஊற்றினேன்.

உள்ளே யாரோ மடக்மடக்கென்று குடித்தார்கள்.

இவருக்குக் கோபம் தலைக்கேறியது. "எலி வளையா இருக்கும்டி, வெளக்கெண்ண!" என்று உச்சி வெயிலில் கடப்பாரையைப் போட்டார். மண் பொலபொலவென்று உள்வாங்கியது. நாங்கள் தோண்டாத இடத்தில் குழி இருந்தது. சுவர்கள் வழவழவென்று மெழுகிவிட்டதைப்போல் இருந்தன. ஈரச் சாம்பல் வாடை குப்பென்று அடித்தது.

இறங்கிப் பார்த்தவர் அப்படியே மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"ஏங்க... என்னங்க இது? ஏறி வாங்க."

அவர் வாய் திறந்தது. குரல் அவருடையது இல்லை.

"மருமவளே... எடம் தாராளமா இருக்கு."

நான் விழுந்தடித்து ஓடி ஆட்களைக் கூட்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது. வாய் நிறைய மண்.

சிந்தாமணி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, கேசை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். அண்ணன எரிச்சிடுங்க. இந்த மண்ணுல மட்டும் வேண்டாம்."

இவள் பேச்சை எவள் நம்புவாள்? எரித்துவிட்டால் நாளைக்கே மறுபடி கோர்ட்டில் நிற்பாள். அவள் கையை உதறினேன். அதே குழியில் அவரை வைத்து மூடச் சொன்னேன். இப்போது நிஜமாகவே சமாதி ஆகிவிட்டது, யார் என்ன பேச முடியும்?

கேஸ் ஜெயித்தது. சிந்தாமணிக்கு, ஒன்றும் விளையாத சுக்கான்கல் காடான மேற்குப் பாதி. போர்வெல் பக்கம் முழுக்க எனக்கு. அழுதேன்தான். ஆனாலும் நிலம் என்னுடையது.

நேற்று அமாவாசை. பால் கொண்டுபோனேன்.

அவர் மேடு அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், வெறும் தரையில், புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தலை அமுங்கிய இடம் தெரிந்தது. தோள், இடுப்பு தெரிந்தது.

கீழே இரண்டு கால்களின் தடம்.

இடது கால் குட்டையாக இருந்தது.