கூப்பிடு தூரம்

பதில் தப்பான திசையிலிருந்து வந்தது.

பனிப்புயலில் எமில் லாரியை விட்டு இறங்கிப் போனது தெற்கே, நெடுஞ்சாலைப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்த யாருடைய காரையோ பார்க்க. அண்ணன் வெர்னன் லாரிக்குள் உட்கார்ந்து ஹார்னை நீளமாக அழுத்தியதும் ‘ஓ’ என்ற குரல் வடக்கே, வெறும் கோதுமை வயலுக்குள்ளிருந்து கேட்டது. மடப்பயலுக்குத் திசைகூடத் தெரியவில்லை என்று வெர்னன் பல்லைக் கடித்தான்.

ஹாஸ்கெட்டில் எல்லாருமே அந்த ரகம்தான். கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் நாற்பது வீடு, ஒரு தானியக் கிடங்கு; நெடுஞ்சாலையில் போகிறவன் மூத்திரம் பெய்ய மட்டும் நிறுத்துகிற ஊர். பேச்சில் மட்டும் தர்ம சத்திரம். பனிப்புயல் கண்ணை மறைத்தால் சாலையோர பெட்ரோல் பங்க்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வழி தவறியவர்கள் சத்தத்தைப் பிடித்து நடந்து வருவார்கள் என்பது ஊர் வழக்கம். அப்பா விடிய விடிய அடித்தார். பங்க் தன் கைக்கு வந்த பிறகு வெர்னன் ஒருநாளும் அடித்ததில்லை. பேட்டரி என்ன மரத்திலா காய்க்கிறது? பனி கரைந்தபின் வயலில் பிணங்கள் கிடைத்தன. ஒரு வருடம் ஒரு குடும்பமே, பங்க்கிலிருந்து கூப்பிடு தூரத்தில். வண்டியை விட்டு இறங்கிய முட்டாள்கள் என்றான்.

இன்று மாட்டிக்கொண்டது தம்பி. அவனுக்கென்று இருக்கிற ஒரே ஆள். அதனால் அடித்தான்.

மறுபடி ‘ஓ’. இப்போது மேற்கே. பிறகு கிழக்கே. ஹீட்டர் சூட்டையும் டீசல் நாற்றத்தையும் மீறி ஈர மண்ணின் வாடை, ஜனவரியில் வரவே கூடாத வாடை, வண்டிக்குள் ஏறியது. பட்டப்பகல் வெள்ளைக்குள் ஒரு நிழல் தெரிந்தது. எமில் என்று கத்தினான். அந்த நிழலின் கையைப் பிடித்தபடி இன்னொரு நிழல். சின்னது.

எமிலுக்குப் பிள்ளை இல்லை.

வெர்னனின் கை ஹார்னை விட்டது. நிழல்கள் நின்றன. பின்னால் இன்னும் சில. கோட்டு இல்லை. காலில் ஒன்றும் இல்லை. குளிரில் சாகிறவன் கடைசியில் புழுங்குகிறது என்று துணியைக் கழற்றுவான். ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

எல்லா முகமும் லாரியைப் பார்த்தபடி.

பக்கத்துக் கதவு திறந்தது. எமில் ஏறி உட்கார்ந்தான். சட்டைப் பொத்தான்கள் எல்லாம் அவிழ்ந்திருந்தன.

“ஏண்ணே நிறுத்திட்ட?” என்றான், கோபமே இல்லாமல். “அடி. தூரத்துல இன்னும் நிறைய பேர் வர்றாங்க. எத்தன வருசமா காத்திருக்காங்க தெரியுமா?”

அவன் கை வெர்னனின் கைமேல் படிந்து, அதை ஹார்னின் மேல் வைத்து அழுத்தியது. வெளியே எல்லாரும் மறுபடி நடக்கத் தொடங்கினார்கள்.