முழங்காலுக்குக் கீழே

விலங்குக்காட்சிச்சாலையில் பதினோரு வருடமாக ஒட்டகச்சிவிங்கியைப் பராமரித்துவந்தவளைத் திங்கட்கிழமை காலை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். இயக்குநருக்கு மொட்டைக் கடிதம் வந்திருக்கிறதாம். கம்பியால் அடித்தாளாம், காலில் வந்த புண்ணைத் தடம் தெரியாமல் ஆறும்வரை மறைத்தாளாம். கடிதத்தை அவள் கண்ணில்கூடக் காட்டவில்லை. வியாழக்கிழமை விசாரணை.

மதியம் அவள் துப்பறியும் அம்மாளின் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் நீதிமன்றத்தில் முப்பது வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். கூடவே அலைகிறவர் அவருடைய கொழுந்தனார். ஐம்பது வயதாகியும் 'அவசரம்' என்ற பட்டப்பெயர் அவரை விடவில்லை.

மருந்து விஷயத்தில் கால்நடை மருத்துவரோடு தகராறு என்று அவள் சொன்னதுதான் தாமதம், "டாக்டர்தான் அண்ணி" என்றார் அவசரம். அவள் இடத்துக்கு வரத் துடிக்கும் சக பராமரிப்பாளரைப் பற்றிச் சொன்னதும், "இல்ல, இவன்தான்" என்றார்.

"முதல்ல ஒட்டகச்சிவிங்கியைப் பார்ப்போம்" என்றார் அம்மாள்.

மூவரும் சீட்டு வாங்கிப் பார்வையாளர்களாக உள்ளே போனார்கள். வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி ஒட்டகச்சிவிங்கி அவளை மோந்து பார்த்தது.

"முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளையா இருக்கே?" என்றார் அவசரம்.

"இந்த வகைக்கு அப்படித்தாங்க. காலுறை போட்ட மாதிரி, கீழே திட்டே இருக்காது. வலை விரிச்ச மாதிரி கோடு இருக்கிற வகை வேற. இன்னொரு வகைக்குத் திட்டு கிழிஞ்ச இலை மாதிரி, குளம்பு வரைக்கும் இறங்கும்."

"பேர் என்ன?" என்றார் அம்மாள்.

"இங்கே மூணாம் நம்பர். வீட்டுல மட்டும் நான் செல்லாயின்னு சொல்வேன். இங்கே சொன்னா கேலி பண்ணுவாங்க."

அம்மாள் இயக்குநரைத் தனியாகப் பார்த்துவிட்டு, கடிதத்தின் நகலோடு வந்தார். "உங்க வீட்டுக்குப் போகலாமா?"

வீட்டில் கணவன் தேநீர் போட்டுக் கொடுத்தான். "எந்தப் பாவி எழுதினானோ" என்றான். அவன் கல்யாண நாளுக்கு வாங்கித் தந்த ஒட்டகச்சிவிங்கிப் படம் சுவரில் தொங்கியது. அம்மாள் அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நகலைப் படித்தார்.

"'செல்லாயியின் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, பழுப்புத் திட்டுகளுக்கு நடுவே சீழ் வைத்த புண்.'"

அவள் நகலை எட்டிப் பார்த்தாள். "அங்கே திட்டே கிடையாதே."

"கிடையாது. டாக்டருக்கும் கூட வேலை செய்யறவருக்கும் அது தெரியும். செல்லாயிங்கற பேர் தெரியாது. எழுதினவருக்குப் பேர் தெரியும், கால் தெரியாது. இந்தப் படத்துல திட்டு குளம்பு வரைக்கும் இருக்கு, பாருங்க." அம்மாள் அவன் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு தடவையாவது அங்கே போய்ப் பார்த்திருக்கீங்களா?"

அவசரம் எழுந்துபோய்ப் படத்தை உற்றுப் பார்த்தார்.

கணவன் தரையைப் பார்த்தான். "வெளியூர்ல கிடைச்ச வேலையை நான் எத்தனை தடவை தள்ளிப்போடறது? செல்லாயியை விட்டுட்டு வரமாட்டேன்னு நீ சொன்னே. இங்கே வேலை போனா நீ வருவேன்னு நெனச்சேன்."

"அதுக்கு நான் அடிச்சேன்னு எழுதணுமா?"

"வேற என்ன எழுதினா உன்னை நிறுத்துவாங்க?"

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். "பதினோரு வருஷமா சாப்பிடும்போதெல்லாம் அதோட வெள்ளைக் காலைப் பத்திச் சொல்லியிருக்கேன். நீங்களும் 'ம்' கொட்டிட்டே இருந்தீங்க. கேக்கறீங்கன்னு நெனச்சேன்."

"இயக்குநர்கிட்ட நான் பேசட்டுமா?" என்றார் அம்மாள்.

"நானே பேசறேங்க. எழுதினது யாருன்னும் சொல்லிடறேன்."

"என் பேரை இழுக்காதே" என்றான் கணவன். அவள் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

வியாழக்கிழமை விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. அன்று மதியமே அவள் வேலைக்குத் திரும்பினாள். அடுத்த வாரம் அவன் புது ஊருக்குத் தனியாகக் கிளம்பினான். எத்தனை மணி வண்டி என்று அவள் கேட்கவில்லை.