கயிற்றின் மறுமுனை

உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்த வடிவுக்கு வீட்டில் ஏதோ குறைந்துபோனதுபோல் இருந்தது. விசிறி சுற்றியது, பக்கத்து வீட்டு டிவி பாடியது, ஆனால் கல்யாணமாகி மரக்காணத்தை ஒட்டிய இந்தக் குப்பத்துக்கு வந்த நாள்முதல் தூக்கத்திலும் அவளை விட்டு விலகாத அலைச் சத்தம் மட்டும் இல்லை.

அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு ஓடினாள். விடியலில் தனியாகக் கடலுக்குப் போன அவள் புருஷன் ராஜவேலு இன்னும் திரும்பவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்கெட்டியவரை சொறிமீன்கள், குடைபோல் விரியும் ஜெல்லிமீன்கள், வெந்த ஜவ்வரிசிபோல் ஒன்றன்மேல் ஒன்றாய் நெருங்கிக் கிடக்க, அவற்றின் அடியில் அலைகள் எழும்பப் பார்த்து, உடையாமலே அமுங்கின. ஒதுங்கி அழுகியவற்றின் வாடை தொண்டையில் எண்ணெய்போல் படிந்தது. காலை நனைத்த தண்ணீர் சுட்டது.

பக்கத்து வீட்டு அம்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மின்ன சீசனுக்கு வரும், போவும். இப்பதான் தண்ணி ஆறவே மாட்டேங்குதே. வருசம் பூரா பெருகிக்கினு கீது. போன வாரம் சொறி பட்டவன் விழுப்புரம் ஆஸ்பத்திரியில இன்னும் மூச்சுக்கு இழுத்துக்கினு கீறான்."

அப்போதுதான் படகு தெரிந்தது. இருமி இருமி வந்த என்ஜின், கரைக்குச் சற்று முன்னால் அடைத்து நின்றது. ராஜவேலு கயிற்றை வீசினான். அவள் பிடித்தாள். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்து, படகைத் தள்ளிவருவது இந்தக் கரையின் வழக்கம். உடம்பு யோசிக்காமலே செய்துவிடும்.

"ஏங்க, எறங்காதீங்க. படகுலியே இருங்க. ஆளுங்களக் கூட்டியாறேன்."

"ஆளு வர்றதுக்குள்ள உன் சோறு கொழஞ்சிடும்டி. இழு."

கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே குதித்தான்.

தண்ணீர் தெறிக்கவில்லை. கூழில் விழுந்த கல்போல் உள்ளே போனான். மேலே மூடிக்கொண்டது.

இடுப்பளவு ஆழம்தான். எழுந்திருக்க வேண்டும்.

எழவில்லை.

அம்மணி கூவிக்கொண்டே ஊருக்குள் ஓடினாள். வடிவு கயிற்றை இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். அசைந்தது.

அவன்தான். இழுக்கிறான். உயிரோடு இருக்கிறான்.

கயிறு விறைத்தது. தளர்ந்தது. விறைத்தது. அதில் தவிப்பில்லை. அவசரமில்லை. மனிதக் கை இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். கடல் முழுக்க வெளிறிய குடைகள். கயிறு விறைக்கும்போது எல்லாம் சுருங்கின. தளரும்போது விரிந்தன. ஒரே தாளம்.

விட்டுவிடலாம். விட்டால், அவனை விட்டதாகிவிடும்.

சுருங்கின.

முழங்கால்வரை வெந்நீர்.

விரிந்தன.

கயிறு இழுத்தது. அவள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள்.