எல்லாத் தலையும் சரி

கப்பல் அலறியது!

துறைமுகத்துக் கொட்டகைகளின் தகரமெல்லாம் அதிரும்படி நீளமாக ஓர் அலறல். இன்னும் ஒரே ஓர் அலறல் பாக்கி. அதன் பிறகு கிளம்பிவிடும்.

மேல்தளத்துக் கம்பியைப் பிடித்திருந்த கரடியின் கண் கரையை விட்டு அகலவில்லை.

கீழே கயிறுகளை அவிழ்க்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அக்கா வரவில்லை...

கரையில் எந்த டாக்ஸியும் வந்து நிற்கவில்லை. பச்சைத் தொப்பி போட்ட எந்தப் பெண்ணும் தலைதெறிக்க ஓடி வரவில்லை.

'என்னாலதான். எல்லாம் என்னாலதான்.'

கரடி என்பது அவளுடைய பெயர் அல்ல. பதினேழு வயதுப் பெண்ணுக்கு யார் அப்படிப் பெயர் வைப்பார்கள்?

அத்தான் வைத்தார்.

புதிதாகக் கல்யாணமானவர்கள் கப்பலேறி ஊர் சுற்றப் புறப்படும்போது, பெண்டாட்டியின் தங்கையும் பெட்டியோடு வந்து நின்றால் என்ன செய்வார் மனிதர்? சிவபூஜையில் புகுந்த கரடி என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அழைத்து வந்தது அக்காதான். அம்மா போன பிறகு ஒரு ராத்திரிகூட இவளைத் தனியாக விட்டதில்லை, இப்போதும் விடமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கரடிக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா எப்போதும் அவளுக்கு மட்டுமே சொந்தமான அக்கா. நடுவில் வந்தவர்தான் அத்தான். முதலில் அக்காவின் பக்கத்துத் தலையணையைப் பிடித்தார். பிறகு அவளுடைய ஃபோன், அவளுடைய சிரிப்பு, அவளுடைய ஞாயிற்றுக்கிழமை என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்.

கரடிக்கு உள்ளே எரிந்தது. அடுப்பில்லாமல் எரிந்தது.

நேற்று இரவுச் சாப்பாட்டு மேஜையில் அந்த எரிச்சலுக்கு எண்ணெய் கிடைத்தது.

அத்தானுக்கு கைடு என்றாலே ஆகாது. இதுவரை வந்த துறைமுகங்களில் எல்லாம் இவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் தனியாகத்தான் இறங்கிப் போனார்.

"கொடி பின்னாலயே போறதுக்கு நான் என்ன ஆட்டு மந்தையா? எறங்கினோமா, கால் போன போக்குல நடந்தோமான்னு இருக்கணும்."

"கப்பல் கெளம்பிட்டா என்னங்க பண்ணுவீங்க?" என்றாள் அக்கா.

அவள் கேட்டதும் நியாயம்தான். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா பஸ் என்றால், அது பஞ்சராகி நடுரோட்டில் நின்றாலும் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவன் தாமதமாக வந்தால், கப்பலின் பின்பக்கத்துக்குக் கையாட்டலாம். அவ்வளவுதான்.

அக்கா கூட வருகிறேன் என்று சொல்லிப் பார்த்தாள். உனக்கு வெயில் ஆகாது என்றார் அத்தான். கரடி சந்தடி சாக்கில் பஸ் கட்சியில் சேர்ந்துகொண்டாள். பாதுகாப்புக்காக அல்ல. அத்தான் ஒரு பக்கம் போனால், அக்கா பகல் முழுக்கத் தன் பக்கம்!

காலையில் பஸ்ஸில் அக்காவும் அவளும் ஒட்டி உட்கார்ந்து, ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு போனார்கள். மஞ்சள் கொடி பிடித்த கைடு சொன்ன வரலாறு எதுவும் கரடியின் காதில் ஏறவில்லை. பழைய காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

கோட்டை வரும்வரை.

கடலை ஒட்டி, பாறைமேல் கட்டிய பழைய கோட்டை. சுற்றிப் பார்க்கக் கொஞ்ச நேரம் கொடுத்தார் கைடு. அக்கா தண்ணீர் பாட்டில் வாங்கிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள்.

போனவள் போனவள்தான்.

தேடிக்கொண்டே மதில்வரை போன கரடி, எட்டிக் கீழே பார்த்தாள்.

பாறைகளுக்கு நடுவே பச்சைத் தொப்பி. பக்கத்தில் அத்தான்! அக்கா அவர் தோளில் சாய்ந்து, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஆக, தண்ணீர் பாட்டில் பொய். பஸ் பொய். ஒரே இயர்ஃபோன் பொய். இவளை மந்தையோடு ஓட்டிவிட்டு, புருஷனோடு கொஞ்ச ரகசியமாக ஓர் இடம் பேசி வைத்திருக்கிறாள்!

அக்கா அந்த நிமிடம் மேலே நிமிர்ந்து பார்த்தாள். கரடி சட்டென்று தலையை இழுத்துக்கொண்டாள்.

விடுவிடுவென்று பஸ்ஸுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

பஸ்ஸில் மஞ்சள் கொடி, விரலை நீட்டித் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார். ஒரு தலை குறைந்தது. கரடியிடம் வந்து நின்று, அக்கா எங்கே என்று கேட்டார்.

யோசிக்கும் முன் வாய் முந்திக்கொண்டது.

"அக்காவுக்கு ஒரே வாந்தி. பின்னாடி டாய்லெட்ல இருக்கா."

பஸ்ஸின் கடைசியில் இருந்த கழிப்பறைக் கதவு மூடித்தான் இருந்தது. கைடு அதைத் தட்டவில்லை. உள்ளே வாந்தி எடுக்கும் பெண்ணின் கதவை எந்த நாகரிகமான மனிதன் தட்டுவான்? பாவம் என்று உச்சுக் கொட்டி, கரடியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பையைத் திணித்துவிட்டு, டிரைவர் பக்கம் திரும்பினார்.

"எல்லாத் தலையும் சரி. போலாம்."

பஸ் நகர்ந்தது.

கொஞ்சம் தவிக்கட்டும் என்றுதான் நினைத்தாள். டாக்ஸி பிடித்து, பதறி, அழுது வரட்டும். இனிமேல் தங்கையை ஏமாற்றக் கூடாது என்று புத்தி வரட்டும். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. துறைமுகம் வந்ததும் கைடின் கண்ணில் படாமல் முதல் ஆளாக இறங்கி ஓடி, கப்பலேறி, மேல்தளத்துக்கு வந்து நின்றவள்தான். அறைக்குப் போகவே பயம். அங்கே கட்டில்கள் காலியாக இருக்கும்.

இப்போதோ... அடுத்த அலறல் எந்த நிமிடமும் வரலாம்!

கரடி படிகளில் உருண்டு விழாத குறையாக இறங்கி ஓடினாள்.

கப்பல் வாசலில் நரைமீசை அதிகாரி ஒருவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றிருந்தார். ஏறுபவர்கள் எல்லாரும் தங்கள் அறைக் கார்டை அவரிடம்தான் தேய்க்க வேண்டும்.

"சார், கப்பலை நிறுத்துங்க. எங்க அக்கா இன்னும் வரல. நான்தான் சார் பொய் சொல்லி..."

"இரும்மா, இரு. மூச்சு வாங்கு. அறை எண் என்ன?"

சொன்னாள். அவர் தட்டினார். மீசைக்குக் கீழே லேசாகச் சிரித்தார்.

"உங்க அக்கா எப்பவோ ஏறிட்டாங்களே. உன் பஸ் கும்பலோடதான் ஏறியிருக்காங்க."

கரடி கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்தாள்.

"நெஜமாவா சார்?"

"கார்டும் மூஞ்சியும் பாத்துத்தான் உள்ள விடறோம். ஏறாதது உங்க அத்தான் ஒருத்தர்தான். தனியா போனாராமே?"

"அவருக்காக நிறுத்துவீங்களா?"

"தனியா போனவங்களுக்கு நிறுத்த ஆரம்பிச்சா, கப்பல் கரையிலேயே துருப்பிடிச்சிரும்மா. இந்த ஊர்ல எங்க ஏஜெண்டுகிட்ட சொல்லிருக்கோம். அடுத்த துறைமுகத்துல வந்து சேந்துக்குவார்."

அவர் சொல்லி முடிக்கவும் கடைசி அலறல் எழவும் சரியாக இருந்தது.

அத்தானை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்புகிறது!

சொன்னால் வெட்கம். ஆனாலும் கரடியின் மனசு உள்ளுக்குள் ஒரு குட்டிக்கரணம் போட்டது.

அறைக் கதவைத் தள்ளியபோது, அக்கா குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கரடி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எப்படிக்கா வந்த?"

"டாக்ஸிதான். உங்க பஸ் ஊரைச் சுத்தித்தானே வருது? முன்னாடியே வந்து கடையோரமா நின்னேன். நீங்க எல்லாம் எறங்கினதும் வரிசையோட வரிசையா கலந்துட்டேன். நீ திரும்பிக்கூட பாக்காம ஓடுற."

"அத்தான்?"

"வருவார்" என்று சொல்லிவிட்டு, அக்கா மறுபடி தலையைத் துவட்டினாள்.

திட்டவில்லை. ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கரை சிறியதாகி, விளக்குகளாகி, புள்ளியாகும்வரை அறை ஜன்னலில் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கதவு தட்டப்பட்டது.

நரைமீசை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்படிக் கழற்றி வைத்துக்கொண்டு வருகிறவர்கள் நல்ல செய்தி கொண்டுவருவதில்லை.

"உங்களுக்கு இப்ப உடம்பு பரவாயில்லையாம்மா? பஸ்ல ரொம்ப வாந்தின்னு கைடு சொன்னார்."

அக்கா ஒரு நொடி கரடியைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஏதோ வந்து போனது.

"இப்ப சரியாயிடுச்சு சார்."

அதிகாரி தயங்கித் தயங்கிச் சொன்னார். கோட்டைக்குக் கீழே, பாறை இடுக்கில் ஓர் உடல். சட்டைப் பையில் இந்தக் கப்பலின் கார்டு. தலையில் அடி. பாசியில் கால் வழுக்கி விழுந்திருக்கலாம் என்று உள்ளூர் போலீஸ் சொல்கிறதாம்.

அக்கா தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அழுதாள். பார்க்கிறவர் நெஞ்சு வெடிக்கும்படி அழுதாள்.

கரடிக்கு அழுகை வரவில்லை.

பாறை... பச்சைத் தொப்பி... காலரைச் சரிசெய்த கை...

அதிகாரி அவள் பக்கம் குனிந்தார்.

"பதிவுக்காகக் கேக்குறேம்மா, தப்பா நெனைக்காத. அக்கா பகல் பூரா உன்கூடத்தானே இருந்தாங்க?"

அக்காவின் அழுகை நிற்கவில்லை. ஆனால் ஒரு சுருதி இறங்கியிருந்தது. கேட்பதற்கு வசதியாக.

இல்லை என்றால்... இந்த உலகத்தில் அவளுக்கு இருக்கும் ஒரே ஆளும் போய்விடுவாள்.

"ஆமா சார். என்கூடத்தான் இருந்தா."

அவர் கரடியின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு, கேப்டனிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி வராந்தாவுக்குப் போனார்.

கதவு மூடியது.

அழுகை நின்றது. குழாயை மூடியது போல் நின்றது.

"அக்கா... அத்தான் வழுக்கித்தானே..."

"வழுக்கத்தான் செய்யும். கொஞ்சம் தள்ளிவிட்டா."

கரடி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"கப்பல்ல மேல் தளத்து சலூன்ல முடி வெட்டுறாளே ஒருத்தி, அவளும் ஒவ்வொரு துறைமுகத்துலயும் லீவு போட்டுட்டு எறங்குவா. உங்க அத்தானுக்கு ஏன் கைடு புடிக்கலன்னு இப்ப புரியுதா? இன்னிக்கு அவளுக்கு லீவு கெடைக்கல. அவங்க பேசி வெச்ச எடத்தை அவர் ஃபோன்ல பாத்துட்டு, அங்க நான் போய் நின்னேன். ஆசையா வந்திருக்கேன்னு நெனச்சார்."

"அக்கா..."

"உனக்குப் பொறாமைன்னா என்னன்னு தெரியும்னு நெனச்சிட்டிருக்க. உன்னோடது சின்னப் புள்ளைங்க பொறாமைடி."

"நான் மட்டும் அந்தப் பொய்யச் சொல்லலன்னா?"

"சொல்லுவ. என்ன பொய்னுதான் தெரியாது. நீ பாக்கணும்னுதானே அந்தப் பாறையில நின்னேன்? மதில் மேல உன் மூஞ்சி வந்துச்சு. எரியிற மூஞ்சி. சரி, பஸ் கெளம்பிடும்னு நெனச்சுக்கிட்டேன்."

அடம்பிடித்துத் தன்னை அழைத்து வந்தது சாட்சி சொல்லத்தான் என்று... கரடிக்கு இப்போதுதான் விளங்கியது.

அக்கா எழுந்து வந்து, அவள் நெற்றியில் முத்தமிட்டாள். சோப்பு வாசனை. சின்ன வயதிலிருந்து அவளுக்குப் பிடித்த அதே வாசனை.

"இனிமே நீயும் நானும்தான். நடுவுல ஒருத்தரும் இல்ல. உன்னைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது."

உன்னைத் தவிர...

அந்த வார்த்தை அறைக்குள் கொஞ்ச நேரம் சுற்றி வந்தது.

நரைமீசை திரும்பி வந்தார். அக்காவின் கண்ணில் மறுபடி நீர் தயாராக இருந்தது. நாளைக் காலை அடுத்த துறைமுகத்தில் இருவரும் இறங்கி, உடலைப் பெற்றுக்கொள்ள விமானத்தில் திரும்பிப் போக வேண்டும் என்றார் அவர். விமான நிலையம் கொஞ்சம் தூரம். மலைப்பாதையில் போக வேண்டும்.

"எங்க சுற்றுலா ஆள் ஒருத்தரைத் துணைக்கு அனுப்பறேம்மா. விமானம் ஏத்திவிட்டுத்தான் திரும்புவார்."

"எதுக்கு சார் உங்களுக்குச் சிரமம்? நானும் தங்கச்சியும் தனியாவே டாக்ஸில போயிடுவோம்" என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சினாள். "வழியில மலை மேல எங்கயாவது நிறுத்தி, கொஞ்ச நேரம் கடலைப் பாத்துட்டுப் போனா எங்க ரெண்டு பேருக்கும் மனசு ஆறும்."

அதிகாரி யோசித்தார். பிறகு கரடியின் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. துணைக்கு ஆள் வேணுமா? இல்ல, அக்காகூட தனியாவே போயிடுவியா?"

அக்காவின் விரல்கள் கரடியின் விரல்களுக்குள் புகுந்து, இறுக்கமாகப் பின்னிக்கொண்டன.

ஆள் வேண்டும் என்றால், இவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும். வேண்டாம் என்றால், மலைப்பாதை.

அக்கா முழுசாகத் தனக்கே வேண்டும் என்று கரடி ஆசைப்பட்டாள். கிடைத்துவிட்டாள்... இனி எந்தக் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?