கொன்ற இடம் மட்டும் கேட்காதே!

2018 அக்டோபர் 16. அமெரிக்காவின் யூட்டா மாநிலம், தென்கிழக்கு மூலை. ஜூனிப்பர் வெல்ஸ் ஊரின் ஷெரிப் அலுவலகத்தில் இருந்த மூன்று போன்களில் ஒன்று வேலை செய்தது.

அது அலறியது!

துணை ஷெரிப் வெர்னா எட்சிட்டி எடுத்தாள். வாயில் பாதி ரொட்டி.

"மேடம்... ஒரு கொலை!"

ரொட்டியை விழுங்கினாள். "யாரை?"

"என் ஃப்ரெண்டு க்ளைடை."

"பண்ணினது யாரு?"

"நான்தான். காப்பி ஃப்ளாஸ்க்கால. மண்டையில ஒண்ணு வெச்சேன்."

வெர்னாவின் சர்வீஸில் எந்த கேஸும் இத்தனை சுலபமாக முடிந்ததில்லை.

"எங்கே?"

"அதை மட்டும் கேக்காதீங்க!"

"ஹலோ?"

"பல நூறு வருஷம் முன்னாடி பழைய ஜனங்க கட்டின பாறை வீடு மேடம். பாதையே கிடையாது. இடம் வெளியே தெரிஞ்சா நாளைக்கே கூட்டம் கூடிடும். சுவத்துல பேரு கீறுவாங்க. பானை ஓட்டைப் பொறுக்கிப் பையில போட்டுப்பாங்க. யாருக்கும் சொல்றதில்லைன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருகிட்ட?"

"செத்தவன்கிட்ட!"

"இப்ப எங்கேருந்து பேசறீங்க?"

"உங்க வாசல்லேருந்து."

எட்டிப் பார்த்தாள். முழங்கால் கிழிந்த பேன்ட்டுடன் ஒரு கிழவர் கையசைத்தார். டாக்டர் ஆர்லோ ஹெல்க்விஸ்ட்! ஓய்வு பெற்ற பல் டாக்டர். அந்தப் பழைய ஜனங்களைப் பற்றி 'நாலு விரல் குலம்' என்ற புத்தகம் எழுதியவர். அதன் ஒரு பிரதி அலுவலக ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அட்டையில் பாறையில் பதிந்த ஒரு சிவப்புக் கை... மோதிர விரல் இல்லாமல்.

உள்ளே இழுத்து உட்கார வைத்தாள்.

"டாக்டர், க்ளைட் செத்துட்டாருன்னு நிச்சயமா தெரியுமா?"

"கிளம்பறப்ப முனகின மாதிரி இருந்தது. காத்தாவும் இருக்கலாம்..."

"அடப்பாவி மனுஷா! உயிரோட இருக்கலாமே!"

ஹெலிகாப்டர் ஓட்டும் ரூலன் வாசலில் தலையை நீட்டினான். "வெர்னா, மத்தியானத்துக்கு மேல பனிப்புயல். அப்புறம் பறக்க முடியாது. ராத்திரி வெளியே கிடந்தா ஆள் விறைச்சுடுவான்."

"கேட்டீங்களா டாக்டர்? எந்தப் பள்ளத்தாக்கு?"

"டென்வருக்கு மேற்கே."

"பக்கத்து மாநிலம் நெவாடா கூட டென்வருக்கு மேற்கேதான்!"

"அவ்வளவுதான் சொல்லுவேன். ஜெயில்ல போடுங்க."

வெர்னா அவரை உற்றுப் பார்த்தாள். மிரட்டினால் நடக்காது. இந்த ஜாதி மனிதர்களை அவளுக்குத் தெரியும். கத்தியால் குத்தினாலும் இடம் சொல்ல மாட்டார்கள். ஆனால்...

கொட்டாவி விட்டாள்.

"ரூலன், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மான்கொம்புக் குகைதான். பார்க்கிங்லேருந்து ரெண்டு நிமிஷம். கழிப்பறை பக்கத்துல. இந்த வயசுல இவரால அங்கேதானே போக முடியும்?"

ஆர்லோவின் காது சிவந்தது.

"என்ன சொன்னீங்க?"

"ஸ்கூல் பசங்க பிக்னிக் போற இடம். ஐஸ்கிரீம் வண்டி கூட வரும். பாவம், சத்தியம் வேற பண்ணியிருக்கார்."

"ஐஸ்கிரீம் வண்டியா?!" ஆர்லோ எகிறினார். "நாங்க போனது ஆந்தைப் பள்ளத்தாக்கும்மா! வடக்கே பிரியற மூணாவது கிளை! எரிஞ்ச மரம் தாண்டி, கயித்துல இறங்கி, ஒரு சாண் அகல விளிம்புல வயித்தால ஊர்ந்து..."

நிறுத்தினார். வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரூலன்," என்றாள் வெர்னா. "இஞ்சினைப் போடு."

பாறை விளிம்பில் மூவரும் ஊர்ந்தார்கள். குகையின் மடியில் கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய ஐந்தாறு சின்ன அறைகள். வெர்னா முற்றத்துக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். இறந்துபோனவர்களின் வீடு. அவள் நவஹோ பழங்குடிப் பெண்; அந்தக் கால் உள்ளே போகாது.

ரூலன் மட்டும் குனிந்து நுழைந்தான்.

"வெர்னா! மூச்சு இருக்கு!"

ஆர்லோ அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதார்.

ரூலனின் தோளில் சாய்ந்தபடி க்ளைட் வெளியே வந்தார். மண்டையில் புடைப்பு. தாடியில் காய்ந்த ரத்தம். வெர்னாவைப் பார்த்தார். பதறினார்!

"இவங்களுக்கு வழி சொன்னது யாரு?"

"நான்தான்டா..." ஆர்லோ விசும்பினார்.

"துரோகி! அடிச்சதைக்கூட மன்னிச்சுடுவேன்!"

"நீ துரோகத்தைப் பத்திப் பேசறியா?"

"எதுக்கு அடிச்சீங்க டாக்டர்?" என்றாள் வெர்னா.

இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்தார்கள்.

வெர்னா வெளிச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். மங்கிய பழைய கைகள் ஒரு வரிசை. நடுவில் ஒன்று மட்டும் பளிச்சென்று சிவப்பாக... நாலு விரல். புத்தக அட்டை!

அப்போது வெயில் கூசியதால் க்ளைட் வலது கையைத் தூக்கிக் கண்ணுக்கு மேல் வைத்தார்.

மோதிர விரல் இல்லை!

"க்ளைட் சார்... உங்க விரல்?"

"வாலிபத்துல மரம் அறுக்கற மெஷின்ல போச்சு."

"டாக்டர்! இத்தனை வருஷமா இந்தக் கையோட காப்பி குடிச்சிருக்கீங்க. கவனிக்கலையா?"

"நான் பாறையைத்தான் பார்த்தேன்!" ஆர்லோ கதறினார். "இன்னைக்குக் காப்பியை ஊத்திட்டு இவன் சுவத்துல கையை ஊணினான். நேரா அது மேல! அளவு எடுத்துத் தெச்ச மாதிரி பொருந்திச்சு! நாலு விரல் குலமாம் குலம்! ஐந்நூறு பக்கம் எழுதினேனே!"

க்ளைட் தலை குனிந்தார்.

"முதமுதல்ல இங்கே வந்த அன்னைக்கு நீ எப்படி இருந்தே? பெண்டாட்டி போய் ஒரு மாசம். உருப்படியா ஒரு ஓவியம்கூட இல்லைன்னு இங்கேயே உக்காந்துட்டே. இனிமே வரமாட்டேன்னே. நீ தூங்கினப்ப செம்மண்ணைக் குழைச்சு ஒரு கையை வெச்சேன். காலையில நீ சிரிச்சே. அப்புறம் எப்படிடா சொல்றது?"

ஆர்லோ மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"பழைய சுவத்துல வரையறது குத்தம்தான். ஆனா ரொம்பப் பழைய விஷயம் வெர்னா," என்றான் ரூலன் மெல்ல. "கேஸ் நிக்காது."

"பழசா?" க்ளைட் நிமிர்ந்தார். "வருஷா வருஷம் மங்கிடும்ப்பா! போன ஏப்ரல்லகூட ஒரு பூச்சு கொடுத்தேன்!"

"வாயை மூடுடா!" என்றார் ஆர்லோ.

அதற்குள் வாக்குமூலமே கொடுத்தாகிவிட்டது.

ரூலன் பேனாவை எடுத்தான். "கைரேகை எடுக்கணுமா?"

"வேண்டாம்," என்றாள் வெர்னா. "கையையே விட்டுட்டுப் போயிருக்கார்."

பனி விழுமுன் நால்வரும் ஊர் திரும்பினார்கள். ஆர்லோவுக்கு நன்னடத்தைக் கண்காணிப்பு. க்ளைடுக்கு அபராதம், பள்ளத்தாக்குக்குள் நுழையத் தடை. இடத்தின் பெயரைக் கோர்ட்டில் சொல்ல இருவரும் மறுத்ததால் அதற்குத் தனி அபராதம்.

'நாலு விரல் குலம்' அடுத்த வசந்தத்தில் மறுபதிப்பு கண்டது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி கூடியிருந்தது.

அட்டைப்படம்: க்ளைடின் கைவண்ணம்.